பன்னிரண்டாவது அங்கி

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு இன்னாசி என் காலடியில் உட்கார்ந்திருந்தார். வலது காலை அவரால் மடக்க முடியாது. அதைப் பக்கவாட்டில் நீட்டிப் போட்டு, இடது முழங்காலைத் தரையில் ஊன்றி, நான் போட்டிருந்த வெள்ளை அங்கியின் விளிம்பை ஒரு சாண் மேலே மடித்துப் பிடித்திருந்தார்.

கோவிலுக்குப் பின்னால், சாமியார் பூசை உடுப்பு மாட்டுகிற சின்ன அறை அது. மெழுகுதிரி வாசனையும் கஞ்சி போட்ட துணி வாசனையும் கலந்து அடித்தது. பெரிய வியாழன் பிற்பகல். ஜன்னலுக்கு வெளியே வெயில் தகித்தது. என் முதுகில் வியர்வை வழிந்ததற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை.

"திரும்புங்க சார்" என்றார். குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து வந்த பேச்சு. திரும்பினேன்.

"நேரமாகுதே இன்னாசி, கூடுதலா இருக்கிறதை வெட்டிவிடுங்களேன்" என்றேன்.

"வெட்டாண்டாம் சார். மடிச்சு ஓட்டுத் தையல் போடுகேன். அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கிடலாம்."

அந்த அங்கி எனக்காகத் தைத்தது இல்லை. அவர் தமக்காகத் தைத்துக்கொண்டது. அதை நான் போட்டுக்கொண்டு நிற்கிறேன், அவரே உட்கார்ந்து என் உயரத்துக்கு அதைச் சரிசெய்கிறார். அது எப்படி அப்படி ஆயிற்று என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன இதழில் எங்கள் அலுவலகக் கேண்டீன் வடையைப் பற்றி எழுதியதற்குக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. வடைக்கு இத்தனை பக்தர்கள் இருப்பது எனக்குத் தெரியாது. பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டிருக்கிறார். 'நீங்கள் கிறிஸ்தவராயிற்றே, சீடன் என்றால் யார் என்று உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு தடவை எழுதக் கூடாதா?' என்று. அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் பேனாவை எடுத்தேன்.

பன்னிரண்டு நாற்காலி

அப்போது நான் திருவனந்தபுரத்தில் செக்ரட்டேரியட் குமாஸ்தா. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். என் மனைவி ரெஜினா திருவனந்தபுரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் கோவிலில் பாதிக்குப் பாதி மலையாளத்தார், மீதி நாங்கள். அவர்கள் சாமியாரை அச்சன் என்பார்கள், நாங்கள் சாமி என்போம். கோவில் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பெயர்தான் பெரிது. நாற்காலி தூக்கிப் போடுவதும் சண்டை விலக்குவதும்தான் வேலை.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இயேசு பாடுபடுவதற்கு முந்தின நாள் தம் பன்னிரண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். அதை நினைத்து ஒவ்வொரு பெரிய வியாழனன்றும் சாமியார் பங்கு மக்களில் பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்து, அவர்கள் வலது காலைக் கழுவித் துடைத்து முத்தி செய்வார், அதாவது முத்தமிடுவார். வலது கால் மட்டும்தான். பன்னிரண்டு பேருக்கும் வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புக் கச்சை. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சீடர் பெயர் எழுதிய சீட்டு.

இதில் எங்கள் ஊர்க்காரர்கள் செய்கிற கூத்து ஒன்று உண்டு. காலையிலேயே வெந்நீரில் காலை ஊற வைத்து, குதிகாலைக் கல்லில் தேய்தேயென்று தேய்த்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவோம். சாமியார் கழுவ எதையும் மிச்சம் வைக்க மாட்டோம். அழுக்குக் காலோடு போனால் மானம் போய்விடும் என்று நினைப்பு. சடங்கின் அர்த்தமே அதில் அடிபட்டுப் போகிறதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

பேதுருவின் நாற்காலிக்கு வருஷா வருஷம் போட்டி. எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு அதைத் தன் குடும்பச் சொத்து மாதிரி வைத்திருந்தார். யூதாசின் நாற்காலி? அதற்கு முன்பிருந்த சாமியார்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். யூதாஸ் தொலைந்த பிறகு அவன் இடத்துக்கு வந்த மத்தியாசின் பெயரைச் சீட்டில் எழுதிவிடுவது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

நான் சொல்லும் வருஷத்தில் இரண்டு மாற்றம். காலையில் நடந்துகொண்டிருந்த பெரிய வியாழன் பூசை மாலைக்கு மாறியது. அதுவரை நாலு பேர் பார்க்க ஓரமாக நடந்த கால் கழுவும் சடங்கு, இனிமேல் பூசை நடுவில், கோவில் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால். இரண்டாவது மாற்றம், புதிதாக வந்த அகஸ்டின் சாமி. மலையாளத்தார், சின்ன வயசு. எங்கள் வாயைப் பார்த்துப் பார்த்தே தமிழ் படித்தவர். சங்கக் கூட்டத்தில் மத்தியாசின் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"பன்னிரண்டு பேரோட காலும் கழுகினார் அல்லே? அதில் யூதாசும் உண்டு. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போறவன்னு தெரிஞ்சிட்டே கழுகினார். அவனை நம்ம விட்டால் இந்தச் சடங்குக்கு ஒரு அர்த்தமும் இல்லை."

அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. யூதாசாக உட்கார ஒருத்தரும் வரவில்லை. ஒருத்தருக்கு மகள் கல்யாணப் பேச்சு நடக்கிறது. இன்னொருத்தர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். வீட்டில் வந்து சொன்னேன். "நீங்களே உக்காருங்க, உங்க மூஞ்சிக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்" என்றாள் ரெஜினா. இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் இருக்கேன்

இன்னாசி தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல்கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு மிஷினும் ஒரு பெஞ்சும். வலது காலில் யானைக்கால் நோய். அங்கே மந்து என்பார்கள். முழங்காலுக்குக் கீழே அடிமரம் போல வீங்கித் தோல் கறுத்திருக்கும். இடது காலால் மட்டும்தான் மிஷினை மிதிப்பார். எப்போதும் தரையில் புரளுகிற மாதிரி வேட்டி கட்டியிருப்பார். கோவிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வார். பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மெதுவாக நகருவார் என்று அவருக்குத் தெரியும்.

கல்யாணம் இல்லை. ஒரே தங்கை, வித்துரா என்கிற மலையோர ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கோவிலுக்கு வேண்டிய பீடத் துணி, பூசை உடுப்பு, சீடர்களின் அங்கி எல்லாம் அவர் கைத் தையல். எத்தனையோ வருஷமாகச் சீடர்களுக்குத் தைத்துக் கொடுத்தவர், ஒரு தடவைகூடப் பன்னிரண்டில் ஒருவராக உட்கார்ந்ததில்லை. அவரைக் கேட்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்த வருஷம் புது அங்கிகளுக்கு ஆள் அளவுகளைக் கொடுக்கப் போனபோது, யூதாஸ் விவகாரத்தை ஒரு வேடிக்கையாக அவரிடம் சொன்னேன். அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"நான் இருக்கேன் சார்" என்றார்.

எந்த நாற்காலி என்று புரிந்துதான் சொல்கிறாரா என்று சந்தேகம் எனக்கு. இன்னொரு தடவை விளக்கினேன்.

"தெரியும் சார். அவன் காலையும் கழுவுனாருல்லா? எனக்கு அது போரும்."

அகஸ்டின் சாமியிடம் போய்ச் சொன்னேன். சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே நடந்து தம்பானூருக்கு வந்து, இன்னாசியின் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் காலை நான் கழுவுவேன், முத்தியும் செய்வேன் என்று தம் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார். நானும் கூட இருந்தேன். சாமி போன பிறகு இன்னாசி மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அம்மை செத்த பொறவு இந்தக் காலை யாரும் தொட்டதில்ல சார்" என்றார்.

மற்ற பதினொன்றையும் முதலில் தைத்து முடித்தார். தம்முடையதைக் கடைசியில் தைத்தார். கால் வெளியே தெரியாதபடி அதை நீளமாக, விளிம்பில் நல்ல அகலமாக வெட்டியிருந்தார். தலைவழியாகப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

சூப்பிரண்டு மேஜை

குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள், பெரிய வியாழனுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, சூப்பிரண்டு என்னைத் தம் மேஜைக்குக் கூப்பிட்டார். ஃபைல் விஷயம் என்று நினைத்து ஃபைலோடு போனேன். அதை வாங்கி ஓரத்தில் வைத்தார். யாரோ அந்தத் தையல்காரன் பன்னிரண்டில் இருக்கிறானாமே என்று ஆரம்பித்தார்.

"ஒரே பேசின், ஒரே துவர்த்து. அந்தக் காலைத் துடைச்ச துவர்த்தால என் காலைத் துடைக்கணுமா மரியதாசு?"

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேதுரு முதல் நாற்காலி. யூதாஸ் கடைசி நாற்காலி. சூப்பிரண்டு காலைத் துடைத்துப் பத்துப் பேரைத் தாண்டித்தான் அந்தத் துண்டு இன்னாசிக்குப் போகும். அந்தக் கால் வியாதி தொட்டால் ஒட்டாது, கொசுவால் வருவது என்றும் அப்போதே படித்தவர்களுக்குத் தெரியும். இரண்டையும் சொல்லும் புத்தி எனக்கு இருந்தது. வாய்தான் இல்லை.

அவர் மேலும் பேசிக்கொண்டே போனார். பெண்பிள்ளைகள் எல்லாம் பார்க்க அந்தக் காலைத் திறந்து வைப்பதா? தானும் இன்னும் மூன்று பேரும் உட்காரப் போவதில்லை, எட்டுச் சீடர்களை வைத்துக்கொண்டு சாமி சடங்கு நடத்தட்டும் என்றார். பேசும்போதெல்லாம் மேஜைமேல் ஒரு காகிதக் கட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். அது என்ன கட்டு என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். தெற்குத் தாலுக்காக்கள் மதராஸோடு சேரப் போகின்றன என்று பேச்சு பலமாக இருந்த காலம். எங்களில் யார் அங்கே போவது, யார் இங்கேயே இருப்பது என்று பெயர் எழுதும் காகிதங்கள் அவை. ரெஜினா வேலை இங்கே. எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். சூப்பிரண்டு அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவசியமும் இல்லை.

"நீ செக்ரட்டரியில்லா, பாத்து முடிச்சிடு" என்றார்.

பார்த்து முடித்தேன்.

வலது கால், இடது கால்

செவ்வாய்க்கிழமை தம்பானூருக்குப் போனேன். சந்துக்குள் திரும்புவதற்கு முன்னால் ஒரு டீ குடித்தேன், பிறகு இன்னொன்று. சங்கத்தில் எதிர்ப்பு இருக்கிறது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அப்படிச் சொன்னால் யார் என்று கேட்பார், அது சாமி காதுக்குப் போகும், சாமி சூப்பிரண்டிடம் போவார், கடைசியில் என் தலையில் விடியும். அந்த டீக்கடையில் நின்றே கணக்குப் போட்டு முடித்தேன்.

சாமி யோசிக்கிறார், அவருக்கு மனசில்லை போலிருக்கிறது, நேரில் சொல்லச் சங்கடப்பட்டு என்னை அனுப்பினார் என்று இன்னாசியிடம் சொன்னேன்.

அவர் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இடது காலை நீட்டுனா போராதா சார்? அது நல்ல காலுல்லா?"

எனக்கு அப்போதாவது மனசு உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. வலது கால்தான் ஒழுங்கு, ரோமாபுரியிலிருந்து வருகிற ஒழுங்கு, நாமாக மாற்றக் கூடாது என்று ஆபீஸ் குரலில் சொன்னேன். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

புதன்கிழமை சாமியிடம் போனேன். இன்னாசி வேண்டாம் என்கிறார் சாமி, கூட்டத்துக்கு முன்னால் காலைக் காட்டக் கூச்சப்படுகிறார் என்றேன். சாமி முகம் சுருங்கிப்போயிற்று. நான் போய் ஒரு தடவை பேசட்டுமா என்று கேட்டார். நீங்கள் போனால் இன்னும் கூசிப்போவார், விட்டுவிடுங்கள் என்றேன். சாமி தலையை ஆட்டினார். ஒருத்தரின் கூச்சத்தைக் கிளறிவிடக் கூடாது என்று நினைக்கிற மனுஷர் அவர்.

இன்னாசியும் அப்படித்தான். சாமியைப் பார்த்தால் சாமிக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவர் சாமியின் கண்ணில் படாமல் நடந்துகொண்டார். இரண்டு பேருடைய நல்ல மனசும் சேர்ந்து என் பொய்க்குக் காவல் இருந்தது. இல்லாவிட்டால் அரை மணி நேரம் தாங்கியிருக்காது.

யூதாசின் நாற்காலி மறுபடி காலி. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நாலு பேரைக் கெஞ்சிப் பார்த்தேன். ஒருத்தரும் அசையவில்லை. சாமி என்னைப் பார்த்து, "மரியதாஸ் இருக்கலாமே?" என்றார். எந்த முகத்தோடு மாட்டேன் என்று சொல்வது?

மாலைப் பூசை

ஆக, அந்தப் பின்னறைக்குத் திரும்பி வருகிறேன். பன்னிரண்டு அங்கிகளையும் கஞ்சி போட்டு மடித்து மூட்டையாகக் கட்டி இன்னாசியே கொண்டுவந்திருந்தார். தைத்துத் தருகிறேன் என்று சொன்ன வார்த்தையை அவர் காப்பாற்றினார். சுவருக்கு அந்தப் பக்கம், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமி பாவ அறிக்கை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஸ்கு என்கிற ஈஸ்டர் சமயம், வரிசை வாசல் வரைக்கும் நின்றது. வரிசை எப்போது முடியும், சாமி எப்போது எழுந்து இந்த அறைக்குள் வந்து இன்னாசியைப் பார்ப்பார் என்று என் கண் கதவைவிட்டு நகரவில்லை.

இன்னாசி அவசரப்படவில்லை. விளிம்பைச் சுற்றிலும் ஊசி குத்தி, பெரிய பெரிய தையலாக ஓட்டினார். ஒரு முனையை இழுத்தால் முழுவதும் பிரிந்து வந்துவிடும் தையல். முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்து, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பின்பக்கம் கொஞ்சம் இறங்குகிறது என்று மறுபடி உட்கார்ந்து அதையும் சரி செய்தார்.

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். இன்னாசி, சாமிக்கு மனசு இருக்கிறது, எனக்குத்தான் தைரியம் இல்லை என்று. ஒரே ஒரு வாக்கியம். சாமி இருபதடி தூரத்தில் இருந்தார். அங்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்திருந்தால் தையலைப் பிரிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் சொன்னது, "ரொம்ப உபகாரம் இன்னாசி."

பூசை தொடங்கி, மகிமைப் பாட்டோடு மணிகள் ஓய்ந்தன. சனிக்கிழமை வரைக்கும் இனி மணி கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். சாமி மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் நாற்காலியிலிருந்து வந்தார். சூப்பிரண்டு கால் பளபளவென்று இருந்தது. அவர் கண்ணை மூடி உருக்கமாக உட்கார்ந்திருந்தார்.

என்னிடம் வரும்போது சாமியின் அங்கி முழங்கால் பக்கம் நனைந்திருந்தது. என் வலது காலைப் பிடித்துத் தண்ணீர் விட்டார். குளிர்ந்த தண்ணீர். நானும்தான் காலையில் சோப்புப் போட்டிருந்தேன். துடைத்துவிட்டு, முத்தி செய்யக் குனியும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அடுத்த வருஷம் எப்படியும் இன்னாசியைச் சம்மதிக்க வைக்கணும் என்று சொன்னார்.

தலையை நிமிர்த்தினேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் இன்னாசி நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. விளிம்பு இறங்கியிருக்கிறதா என்று அங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நன்மை என்கிற பரிசுத்த அப்பத்தையும் வாங்கினேன், மற்ற பதினொருவரோடு வரிசையில் போய்.

மடிப்பு

பாஸ்கு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு மழைக்காலம் வரட்டும் என்று நினைத்தேன். அதற்குள் இன்னாசி கடையைக் காலி செய்து தங்கை வீட்டுக்கு வித்துரா போய்விட்டார். கால் அடிக்கடி காய்ச்சல் கொடுக்கிறது, தனியாக இருக்க முடியவில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். வித்துரா அப்படி ஒன்றும் சந்திரமண்டலம் இல்லை, பஸ் ஏறினால் ஒரு காலைப் பொழுது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும் என்று நினைப்பேன், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். எனக்கா வேலை கிடைக்காது!

அந்த வருஷக் கடைசிக்குள் மாகாணம் பிரிந்தது. மதராஸ் பக்கம் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. சூப்பிரண்டு ரொம்ப வருத்தப்பட்டார், தன்னால் ஆனதைச் செய்து பார்த்ததாகச் சொன்னார். யூதாசுக்காவது கையில் முப்பது வெள்ளிக்காசு கிடைத்தது. ரெஜினா வேலையை விட்டுவிட்டு என்னோடு நாகர்கோவிலுக்கு வந்தாள். ஏன் இப்படி வாய் மூடிக் கிடக்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

நாகர்கோவிலில் முகம் தெரியாத ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் சாமி, இரண்டு தரம் என்றேன். யாரிடம், எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று தடவை அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். கோவிலை விட்டு வெளியே வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

அடுத்த தவக்காலத்தில் ஒரு ஆபீஸ் காகிதத்துக்காகத் திருவனந்தபுரம் போக வேண்டியிருந்தது. காகித வேலை மதியத்துக்குள் முடிந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கோவிலுக்குப் போனேன். பின்னறையில் அகஸ்டின் சாமி மட்டும் இருந்தார். அலமாரியிலிருந்து சீடர்களின் அங்கிகளை எடுத்து மேஜைமேல் காற்றாட விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னாசி இறந்துபோய்விட்டார், தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை.

கிறிஸ்மஸ் கழிந்த வாரத்தில், வித்துராவில். நம்ம சாமியையே கூட்டிட்டு வா என்று தங்கையிடம் சொல்லி அனுப்பினாராம். சாமி பஸ் பிடித்துப் போயிருக்கிறார். சாகப்போகிறவருக்குக் கடைசி அவஸ்தை பூசும்போது கண், காது, கை என்று தொடங்கிக் கடைசியில் காலிலும் எண்ணெய் பூச வேண்டும். சாமி காலருகே போனதும் இன்னாசி வலது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாராம். இழுக்க உடம்பில் தெம்பே இல்லை, இருந்தும் இழுத்தாராம்.

"'சாமிக்கு மனசில்லேன்னு எனக்குத் தெரியும், கஷ்டப்படாண்டாம்' என்று சொன்னார்" என்றார் சாமி. "எனக்கு ஒண்ணும் புரியல. அப்படி ஆரு சொன்னது என்று கேட்டேன். திரும்பித் திரும்பிக் கேட்டேன். 'அது போட்டு சாமி, விடுங்க' என்று மட்டும் சொன்னார். பின்னே நான் போர்வையை விலக்கி, ரெண்டு காலிலும் பூசினேன். அந்தக் காலை முத்தியும் செய்தேன். அவர் அழுதார். அவருக்கு வாக்கு கொடுத்ததை முக்கால் வருஷம் கழித்துச் செய்தேன் மரியதாஸ், அதுவும் சாகக் கிடக்கிற மனுஷனுக்கு."

அறை போன வருஷம் இருந்தது போலவே இருந்தது. அதே மெழுகு வாசனை. மேஜைமேல் பதினொரு அங்கிகள் ஒரே மாதிரி விரிந்து கிடந்தன. பன்னிரண்டாவதன் விளிம்பு மட்டும் தடிமனாக இருந்தது. பெரிய பெரிய வெள்ளைத் தையல். யாரும் பிரிக்கவில்லை.

"ஆராக்கும் அவரிடம் அப்படிச் சொன்னது?" என்று சாமி கேட்டார். "உங்களுக்கு அறியுமோ?"

கோபமாகக் கேட்கவில்லை. அவர் கண்ணில் சந்தேகம் இருந்ததா என்றுகூட என்னால் இன்று வரை சொல்ல முடியவில்லை. சாகப்போகிற நேரத்திலும் இன்னாசி என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான் ஒருத்தன்தான் மிச்சம், அதுவும் அந்த ஒரு நிமிஷம்தான்.

"தெரியாது சாமி" என்றேன்.

"சரி" என்றார். அந்த அங்கியை எடுத்து மடித்து, மற்றவற்றோடு சேர்க்காமல், அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

பாளையங்கோட்டை வாசகரே, சீடன் என்றால் யார் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஒருத்தர் இருந்தார். ஒருத்தரும் விரும்பாத நாற்காலி போதும் என்று வந்தார், அதிலும் நான் உட்கார விடவில்லை. அகஸ்டின் சாமியும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இதை நான் யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த இரண்டு பேரும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் எழுதுகிறேன், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில் பேதுருவும் அவரைத் தெரியாது என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் மனம் கசந்து அழுதார். நான் வெளியே வந்து தம்பானூருக்கு நடந்தேன். நாகர்கோவில் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது.